பூச்சுக்கு 120 மூட்டை கணக்கு. 110 தீர்ந்தும் கால்வாசி பாக்கி. சிமெண்ட் எங்கே போகிறது?

21.06.2025

பாலக்காட்டு எல்லையோர வடகரப்பதியிலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"அண்ணா, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வீட்டு வேலையை நான்தான் பார்க்கிறேன். பூச்சு வேலைக்கு 120 மூட்டை சிமெண்ட் போதும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். 110 மூட்டை தீர்ந்துவிட்டது, வேலை இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது. மேஸ்திரி எடுத்துக்கொண்டு போகிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கேமரா வைக்கட்டுமா?"

கேமராவுக்கு முன்னால் காலிச் சாக்கை எண்ணிப் பார் அம்மிணி. 110 மூட்டை உன் வீட்டில் பிரிக்கப்பட்டிருந்தால் 110 சாக்கு உன் வீட்டில் இருக்க வேண்டும். மூட்டையாக வெளியே போயிருந்தால் சாக்கும் அதோடு போயிருக்கும். சாக்கை உதறி, பத்துப் பத்தாகக் கட்டி எண்ணு. மேஸ்திரி இருக்கும்போதே எண்ணு. மறைத்து எண்ணினால் நீ சந்தேகப்படுவது அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் வேலை வேலையாக இருக்காது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பொள்ளாச்சிப் பக்கமும் பாலக்காட்டுச் சித்தூர் பக்கமுமாக 22 வருடமாக சைட்டில் ஸ்டோர் பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

22.06.2025

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பூச்சின் கனத்தைப் பார். உள் சுவருக்கு 12 மி.மீ. என்று கணக்குப் போட்டிருப்பார்கள். சுவர்க் கட்டு கோணலாக இருந்தால் மட்டம் கொண்டுவர 15, 18 என்று ஏறும். 12 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தால் சாந்து கால் பங்கு கூடிவிடும். ஜன்னல் ஓரத்திலும் சுவிட்ச் பெட்டி ஓரத்திலும் பூச்சின் வெட்டு தெரியும். ஸ்கேல் வைத்து நாலைந்து இடத்தில் அளந்து எழுது.

24.06.2025

சாக்கு எண்ணியாகிவிட்டது: 107. மூன்று சாக்கைத் தண்ணீர்த் தொட்டியின் வாயில் கட்டியிருக்கிறார்கள், அதையும் நேரில் பார்த்துவிட்டாள். ஆக 110-ம் அங்கேயே பிரிக்கப்பட்டவை. பூச்சின் கனம் எல்லா அறையிலும் 12, 13. சமையலறையில் ஒரு சுவர் மட்டும் 20.

மேஸ்திரி எடுக்கவில்லை. சிமெண்ட் சுவருக்குள்தான் இருக்கிறது. முக்கால் வேலைக்கு 90 மூட்டைதான் ஆக வேண்டும், 20 கூடியிருக்கிறது. ஒரு சமையலறைச் சுவர் 20 மூட்டையைத் தின்னாது. அப்படியென்றால் எங்கே போனது?

மணலை எங்கே கொட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். வாசலில், திறந்தவெளியில் என்றாள். இந்த வருடம் கேரளத்தில் மழை மே 24-ந் தேதியே இறங்கிவிட்டது. ஒரு மாதமாக அந்த மணல் நனைந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு அப்போதே பொறி தட்டியது.

ஈர மணல் உப்பும். துகளைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் படிந்து ஒன்றை ஒன்று தள்ளி நிறுத்துகிறது. நூற்றுக்கு நாலைந்து பங்கு ஈரம் போதும், மணல் கால் பங்கு, சில நேரம் அதற்கும் மேலே உப்பிவிடும். மணல் நைசாக இருந்தால் உப்பல் இன்னும் கூடும். பூச்சுக்கு வாங்கும் பி-சாண்ட், அதாவது கல்லை நைசாக அரைத்த மணல், அப்படித்தான். ஆனால் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் பழைய அளவுக்கே இறங்கிவிடும்.

சிமெண்ட் 1-க்கு மணல் 5 என்று பெட்டியால் அளந்து போடுகிறார்கள். உப்பிய மணலில் 5 பெட்டி என்பது உண்மையில் 4 பெட்டிதான். மேஸ்திரிக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, சாந்து மட்டும் 1-க்கு 4 ஆகிவிடும். ஒவ்வொரு கலவையிலும் சாந்து குறைவாகக் கிடைக்கும், அதை ஈடுகட்ட இன்னொரு மூட்டையைப் பிரிப்பார்கள்.

சோதனை எளிது. நேராக நிற்கும் கண்ணாடி ஜாடி ஒன்று எடு, ஹார்லிக்ஸ் பாட்டில் போல் கழுத்து குறுகியது வேண்டாம். குவியலின் நடுவிலிருந்து மணல் எடுத்து, அழுத்தாமல் கொட்டு. உயரத்தை அள. அந்த மணலை வெளியே எடுத்துவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் கிளறு. அடங்கியதும் மறுபடி அள. எவ்வளவு இறங்கியதோ அதை முதல் உயரத்தால் வகு.

29.06.2025

மேலே கடைசி வரி தப்பு. திருச்சூரில் படிக்கும் ஒரு தம்பி சுட்டிக்காட்டினான். முதல் உயரத்தால் இல்லை, இறங்கிய பிறகு இருக்கும் உயரத்தால்தான் வகுக்க வேண்டும். உண்மையான மணல் அளவு அதுதான். மேலே உள்ளதை அழிக்காமல் விடுகிறேன், படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

வடகரப்பதி ஜாடி: 20 செ.மீ. இருந்தது 16.5-க்கு இறங்கியது. என் தப்பான கணக்கில் 17.5 சதவீதம் வரும். சரியான கணக்கில் 21.

இப்போது பாருங்கள். 5 பெட்டி என்று போட்டது உண்மையில் 4.1. மொத்தம் 6 பங்கு வர வேண்டிய இடத்தில் 5.1 பங்கு. முக்கால் வேலைக்கு 90 மூட்டை ஆக வேண்டியது, இந்த உப்பலால் மட்டும் 105 ஆகும். மிச்சம் 5 மூட்டை சமையலறைச் சுவரிலும் சிந்தியதிலும் போயிருக்கும். 110 வந்துவிட்டது.

மருந்து: இனி மணல் 6 பெட்டி போடச் சொல். 5-ஐ 1.21-ஆல் பெருக்கினால் 6. நல்ல வெயில் அடித்து நாலு நாள் காய்ந்தால் மறுபடி ஜாடி வைத்துப் பார், 5-க்கே திரும்பலாம்.

பெட்டியையும் ஒருமுறை அளந்துவிடு. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, இடம் பிடிப்பது சுமார் 35 லிட்டர். பெட்டியின் உள்ளளவு 40, 35, 25 செ.மீ. இருந்தால் சரியாக 35 லிட்டர். சட்டியால் அள்ளிப்போடுகிறவர்கள் காலையில் குவித்தும் சாயங்காலம் தட்டியும் அள்ளுவார்கள். அது கெட்ட எண்ணத்தால் இல்லை, கை சோர்ந்துவிடும்.

03.07.2025

ஒரே வாரத்தில் எட்டுப் பேர் மணல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அளவு பற்றி.

எல்லையில் இது ஒரு தனித் தலைவலி. கோயமுத்தூர்ப் பக்கம் யூனிட் கணக்கு. பாலக்காட்டில் "நூறு அடி, நூற்றைம்பது அடி" என்பார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடிதான், 2.83 கன மீட்டர். நாம் ஜல்லி என்பதை அங்கே மெட்டல் என்பார்கள். மெட்டல் வேண்டும் என்று சொல்லி அனுப்பியதற்கு ஒரு புதுப் பையன் தகரக் கடையில் போய் நின்ற கதை எங்கள் ஊரில் உண்டு. "அடியோ யூனிட்டோ, இறக்கினப்புறம் எல்லாம் ஒரே குவியல்தானுங்க" என்பார் ஒரு லாரிக்கார அண்ணன். அதனால்தான் இறக்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும்.

லாரிப் பெட்டியின் நீளம், அகலம் டேப்பில் எடுத்துவிடலாம். உயரம்தான் ஏமாற்றும். நடுவில் மலைபோல் குவிந்திருக்கும், மூலையில் பள்ளம். ஒரு 10 மி.மீ. கம்பியை நாலு மூலையிலும் நடுவிலும் தரைவரை குத்தி, ஐந்து அளவையும் கூட்டி ஐந்தால் வகுங்கள். ஏறிப் பார்க்க டிரைவர் முகம் சுளித்தால் பரவாயில்லை.

இதைவிட நல்லது, எடை போட்டு வாங்குவது. காய்ந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். எடை மேடைச் சீட்டைச் சலானோடு குத்தி வையுங்கள்.

06.07.2025

எடையில் வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோமே என்று கேட்டார் நடுப்புணியிலிருந்து ஒருவர். நியாயமான கேள்வி, யோசிக்காமல் எழுதிவிட்டேன். 10 டன் லோடில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் கிட்டத்தட்ட அரை டன் தண்ணீர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிக்கணக்கில் வாங்கி மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால், 100 அடிக்குக் காசு கொடுத்து 80 அடி வாங்குகிறோம். 20 போய்விட்டது. எடையில் அதே ஈரத்துக்குப் போவது 5. மழைக்காலத்தில் எடைதான். ஆனால் கழுவி உடனே ஏற்றிய எம்-சாண்ட் வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். ஒழுகி நின்ற பிறகு எடை போடச் சொல்லுங்கள். கோடையில் எதில் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

13.07.2025

கம்பி பற்றி மூன்று பேர்.

விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும். 8 மி.மீ. என்றால் 64-ஐ வகுக்க 0.395 கிலோ. 12 மீட்டர்க் கம்பி ஒன்று 4.74 கிலோ. 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66. 16 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 19 கிலோ. ஒரு டன் 8 மி.மீ. வாங்கினால் 211 கம்பி. எடைச் சீட்டும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கணக்கு நொண்டும். எடை குறைந்த கம்பி வந்தால் ஏமாற்று.

துண்டுக் கம்பியைத் தனியாக அடுக்குங்கள். மண்ணில் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குத்தான் போகும். ஸ்லாபில் மேல்கம்பியைத் தாங்க நாற்காலிபோல் வளைத்து வைக்கும் 'சேர்' செய்ய அந்தத் துண்டே போதும்.

14.07.2025

நேற்று "எடை குறைந்தால் ஏமாற்று" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கம்பிக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 1786-லேயே கொஞ்சம் கூடக் குறைய இருக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்: 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5, அதற்கும் மேல் 3. அதனால் 8 மி.மீ. கம்பி 4.5 கிலோ இருந்தால் வியாபாரியோடு சண்டைக்குப் போகாதீர்கள். எடைக்கு வாங்கினால் உங்களுக்கு நஷ்டமில்லை. எண்ணிக்கைக்கு வாங்கினால் நஷ்டம். அந்த எல்லையையும் தாண்டிக் குறைந்தால் இறக்காதீர்கள், அது கட்டடத்தின் பலம்.

ஒரு ஆளைக் குற்றம் சொல்லும் முன் இன்னொரு தரம் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

22.07.2025

ஆடி பிறந்து ஆறு நாள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கம் வெறும் பழமொழி இல்லை. மேற்கே மலை விட்டுக்கொடுத்த அந்தப் பாலக்காட்டு இடைவெளியில் காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். கூரை ஓட்டை இல்லையென்று குடோனை நம்பி, சுவரோரம் அடுக்கிய மூட்டைகளை நான் ஒருமுறை இழந்திருக்கிறேன்.

சாமான் அடுக்குவதற்கென்றே ஐ.எஸ். 4082 என்று ஒரு தரக்குறிப்பு இருக்கிறது. சிமெண்டுக்கு அது சொல்வது: தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பலகை, வெளிச்சுவரிலிருந்து குறைந்தது 60 செ.மீ. இடைவெளி, 10 மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். உயரம் கூடினால் அடிமூட்டை அழுத்தத்திலேயே கட்டிதட்டும். மழைக்காலத்தில் அடுக்கையே பாலிதீன் விரிப்பால் அடியிலிருந்து சுற்றி மூட வேண்டும். தார்ப்பாயை மேலே மட்டும் போட்டால் இந்தக் காற்றுக்கு நிற்காது.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் புது லோடு வாசலருகே இறங்கும், ஆள் வாசலருகே இருப்பதைத்தான் தூக்குவார். நான் நடுவில் ஒரு நடைபாதை விட்டு இரண்டு அடுக்கு போடுவேன். ஒரு அடுக்கு தீரும்வரை இன்னொன்றின் முன்னால் கயிறு கட்டியிருக்கும்.

சாக்கில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். இறக்கும்போதே பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் தூணுக்கும் ஸ்லாபுக்கும் போடாதீர்கள். கையை மணிக்கட்டுவரை மூட்டைக்குள் விட்டால் நல்ல சிமெண்ட் குளுகுளுவென்று இருக்கும், மாவுபோல் விரலுக்குள் வழுக்கும். கட்டி தட்டுப்பட்டால் இரண்டு விரலால் நசுக்குங்கள். பொடிந்தால் மேல் அழுத்தத்தில் வந்த கட்டி, பயமில்லை. பொடியாமல் கல்லாய் நின்றால் அது தண்ணீர் குடித்துவிட்டது. சலித்து எடுத்துப் பூசலாம் என்பார்கள், கேட்காதீர்கள்.

02.08.2025

ஏற்றுக்கூலி இறக்குக்கூலி பற்றிப் பொள்ளாச்சியிலிருந்து வந்து வீடு கட்டும் ஒருவர் கேட்டார். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர்களுக்கு, அதாவது சுமை தூக்குகிறவர்களுக்கு, 1978-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கு வாங்கும் நோக்குகூலியை மாநில அரசு 2018 மே 1 முதல் தடைசெய்துவிட்டது. செய்த வேலைக்கு அந்த ஊரில் என்ன கூலி என்பதை லோடு வருவதற்கு முந்தின நாளே கேட்டு, கொடுத்ததும் ரசீது வாங்கி நோட்டில் ஒட்டிவிடுங்கள். என் அனுபவத்தில், நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் அந்த அண்ணன்மார் போல் சாமானை அலுங்காமல் இறக்குகிறவர்கள் இல்லை. சிமெண்டுக்குக் கொக்கி போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஓட்டை வழியே மூட்டைக்கு ஒரு கிலோ போனாலும் 100 மூட்டைக்கு இரண்டு மூட்டை.

எல்லை தாண்டி வரும் லோடு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும். எல்லையில் வாளையாரில் வண்டி நின்றுவிட்டால் சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) ஆட்கள் எல்லாரும் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள்.

11.08.2025

ஜூலை 14-ல் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னது.

2011. சித்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நான்தான் ஸ்டோர். ஜூன், ஜூலையில் பூச்சு வேலை. 150 மூட்டை கணக்கு. முடிந்தபோது 181. காலிச் சாக்கை ஓனர் வீட்டு ஆட்கள் வாராவாரம் விற்றுவிட்டார்கள், எண்ண வழியில்லை. கொத்தனார்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடுவார்கள். இரவில் சைட்டில் இருந்தது ஒரே ஒருவர், வாட்ச்மேன். முதலமடைக்காரர், அப்போதே அறுபது வயது இருக்கும். நான் "ஐயா" என்றுதான் கூப்பிடுவேன்.

31 மூட்டை எங்கே என்று ஓனர் கேட்டார். நான் அவர்தான் எடுத்தார் என்று சொல்லவில்லை. "ராத்திரி அவர்தானே இருக்கார்" என்றேன். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் அவர் தன் போர்வையையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

2016-ல் இன்னொரு சைட்டில் ஒரு இளம் இன்ஜினியர் ஜாடியில் மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நாலு செ.மீ. இறங்கியது. என் வயிற்றுக்குள்ளும் ஏதோ இறங்கியது. அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் 9 வருடம் அந்தப் பழைய நோட்டை எடுக்கவில்லை.

இந்த வடகரப்பதிக் கேள்வி வந்த பிறகுதான் போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து எடுத்தேன். சிமெண்ட் தூசி ஏறி, நனைந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கத்தி முனையால் பிரித்துப் படித்தேன். தேதி, வண்டி நம்பர், வந்தது, எடுத்தது, இருப்பு. ஓரத்தில் அன்றன்றைக்கு மழை உண்டா என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை ஏன் எழுதினேன் என்று நினைவில்லை, கூலி நிறுத்தக் கணக்குக்காக இருக்கும்.

மழை என்று எழுதிய வாரங்களில் ஒரே அளவு சுவருக்கு மூட்டை கூடியிருக்கிறது. வெயில் அடித்த ஒரு வாரம் கணக்குப்படி சரியாக நின்றிருக்கிறது. திருடுகிறவர் மழை பார்த்தா திருடுவார்? கால் பங்கு உப்பிய மணலுக்கு 150 மூட்டை 180 ஆகும். எனக்குக் கிடைத்தது 181.

அதே பக்கத்தில், ஜூன் கடைசியில், என் கையெழுத்திலேயே இன்னொரு வரி: "வாட்ச்மேன் தார்ப்பாய் ஒன்று கேட்கிறார், மணலுக்கு. தேவையில்லை."

அவர் கேட்டிருக்கிறார். சிமெண்டுக்கு ஒரு தார்ப்பாய் இருந்தது, மணல் நனைகிறதே என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

12.08.2025

நேற்றுக் குறிப்புக்கு ஆறுதலாக எழுதியவர்களுக்கு நன்றி. அன்றைக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றார் ஒருவர். இருக்கலாம். ஆனால் நோட்டு என்னிடம்தான் இருந்தது.

இனி யார் ஸ்டோர் நோட்டு போட்டாலும் மழைக்கு ஒரு பத்தி விடுங்கள். அதோடு அன்றைக்கு எந்தச் சுவர், எத்தனை சதுர அடி முடிந்தது என்பதும் வேண்டும். எடுத்த மூட்டையை மட்டும் எழுதினால் எதற்கு எடுத்தோம் என்பது தெரியாது. வண்டி வந்த அதே மணியில் எழுதுங்கள். ராத்திரி வீட்டில் போய் எழுதினால் நினைவு தனக்கு வேண்டியதை எழுதும்.

04.09.2025

நேற்று இரவு சொல்லிவிட்டார்கள்: சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது, செப்டம்பர் 22 முதல். காலையிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி, நிறுத்தி வைக்கலாமா?

வெளிப்பூச்சு, காம்பவுண்டு மாதிரி வேலை என்றால் பதினெட்டு நாள் பொறுக்கலாம். வடகரப்பதி அம்மிணியிடமும் அதைத்தான் சொன்னேன், மிச்சம் இருப்பது வெளிப்பூச்சுதான். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியாகிவிட்டது என்றால் நிறுத்தாதீர்கள். பலகை வாடகையும் துருவும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். 1,000 சதுர அடிக்கு 5 அங்குல ஸ்லாப் என்றால் 11.8 கன மீட்டர் கான்கிரீட். சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 கலவைக்கு சுமார் 95 மூட்டை. அந்த 95-க்கு மட்டும் வரி குறைவதில் மிச்சமாகும் பணத்தைக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

22-ந் தேதிக்குப் பிறகு விலை குறைந்துவிட்டது என்று ஒரே மூச்சில் 300 மூட்டை வாங்கி அடுக்குவதும் வேண்டாம். பத்து நாள் வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு. அக்டோபரில் கிழக்கிலிருந்து வரும் மழை பாக்கி இருக்கிறது.

28.09.2025

முதலமடை போய்வந்தேன். விசாரித்து விசாரித்து, மாந்தோப்புக்குள்ளே ஒரு ஓட்டு வீடு. இருக்கிறார். காது சரியாகக் கேட்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை அவர் காதருகே திரும்பச் சொன்னாள்.

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைக் காட்டி, மணல் உப்பினதுதான், நீங்கள் எடுக்கவில்லை, தார்ப்பாய் கேட்டதையும் நான்தான் மறுத்தேன் என்று சொன்னேன். மகள் அதை அப்படியே சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பாவை ஏன் வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் அவர் வீட்டில் சொல்லவேயில்லை. நானே எழுந்து போய் அவர் காதருகே குனிந்து மறுபடி முழுக்கச் சொன்னேன்.

அவர் நோட்டை வாங்கி எழுத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. விரலால் தடவினார், தூசி ஒட்டியது.

"அந்த மண்டபத்துக் கெழக்குச் செவுரு வெடிச்சுதா?" என்று கேட்டார்.

இல்லைங்க ஐயா, இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை என்றேன். உண்மைதான், போன மாசி மாதம் ஒரு கல்யாணத்துக்கு அங்கே போயிருந்தேன்.

"விடியக்காலம் நான்தான் தண்ணி விட்டேன்" என்றார். "உங்க ஆளுங்க எட்டு மணிக்கு விடுவாங்க, அதுக்குள்ள வெயில் வந்துரும்."

மகள் கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்தேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஓனரிடம் நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

12.10.2025

வடகரப்பதியில் வெளிப்பூச்சு முடிந்தது. செப்டம்பர் 22-க்குப் பிறகு வாங்கியது 35 மூட்டை, ஆனது 31. கணக்குப்படி 30 ஆக வேண்டும், ஒரு மூட்டை படிக்கட்டு ஓரத்தை உடைத்துப் பூசியதில் போனது என்று மேஸ்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். மணலுக்குத் தனித் தார்ப்பாய், வாரம் ஒருமுறை ஜாடி. ஜாடியை இப்போது மேஸ்திரிதான் வைக்கிறாராம், அடுத்த சைட்டுக்கும் எடுத்துப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிச்சம் 4 மூட்டை. சாக்கில் 38-வது வாரம் என்று இருக்கிறது. டிசம்பர் பாதிக்குள் துணி துவைக்கும் கல்லுக்குத் தளம் போட்டுவிடு அம்மிணி. அதுவரை பலகை மேல், சுவரைவிட்டுத் தள்ளி.

தொடுபுழாவிலிருந்து வெட்டுக்கல் பற்றிக் கேட்டவருக்கு: பார்த்தேன், மழையில் நனைந்த கல்லை எப்படி அடுக்குவது என்பதைத் தனியாக எழுதுகிறேன். சலானில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, உடைந்து வந்தது எத்தனை என்பதையும் டிரைவர் நிற்கும்போதே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.